மூடி திறந்த கூடு

1

போன மாதம் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து எனக்குப் பார்சல் வந்திருக்கிறதாம். அடையாள அட்டையோடு நேரில் வந்து, அவர்கள் கண் முன்னால் நானே பிரித்துக் காட்ட வேண்டுமாம். ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் இந்த ஊர் அரசாங்கக் கடிதத்தைக் கண்டால் உடனே பிரிக்க எனக்குப் பயம். மரியாதையாக ஆரம்பித்து, நடுவில் மிரட்டி, அன்பான வணக்கத்தோடு முடிப்பார்கள்.

அனுப்பியவர் பெயர் ரெஜினா என்றிருந்தது. ரெஜினா என் தம்பி சவரியின் மனைவி. சவரி இறந்து இந்த ஆவணியோடு ஒரு வருஷம். வருஷப் பூசைக்கு நான் ஊருக்கு வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னபோது, "சரிங்க அண்ணி" என்று போனை வைத்துவிட்டாள். அப்புறம் பேச்சு இல்லை. உங்களிடம் மறைப்பானேன், லீவு இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை. அவளிடமிருந்து பார்சல் என்றதும், சரி, கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதையும் அவசரப்பட்டுத் தப்பாக நினைப்பதில் நான் கெட்டிக்காரி. இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். சிவப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா ஒரு கத்தியை என் பக்கம் நகர்த்தி, பிரியுங்கள் என்றார். மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, இருபது. என் மகள் ஷாலினிக்குப் பாவாடைத் துணி. நெய் விட்ட ரவா உருண்டை ஒரு டப்பா. பால் பொருள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று அந்த டப்பாவை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், சவரியின் கிழிந்த லுங்கித் துணியில் சுற்றி, சுண்டுவிரல் நீளத்தில் ஓர் ஊசிமருந்து பாட்டில் இருந்தது. ரப்பர் மூடியின் மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தார்கள். உள்ளே பழுப்பாக ஏதோ தண்ணீர், அதில் பொடிப் பொடியாகக் கருப்பாகவும் அரிசி அரிசியாக வெள்ளையாகவும் என்னவோ, சுருட்டிய ஒரு துண்டுக் காகிதம்.

"இது என்ன?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு குழறியது. என் தம்பியுடையது என்று சொல்ல வந்தவள், பதற்றத்தில் அந்த மொழியில் பாதியை விழுங்கி, இது என் தம்பி என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சட்டென்று மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, அஸ்திக்கு வேறு படிவம் இருக்கிறது, மன்னிக்க வேண்டும், அது இங்கே கிடைக்காது என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவை செத்த குளவிகள், குளவி பார்ப்பதுதான் என் வேலை, அருங்காட்சியகத்தில் இருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். உங்கள் அருங்காட்சியகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள் என்று முத்திரை குத்தினார். ரவா உருண்டையைக் கடைசிவரை தரவில்லை.

2

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "பூச்சி ஆபீஸ்" என்பார்கள். அதுவும் தப்பில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் குளவிகள் வரும். கொட்டுகிற பெரிய குளவி இல்லை. கடுகைவிடச் சின்னது, எள்ளைவிடச் சின்னது. உருப்பெருக்கியின் கீழே வைத்து, இது இன்ன குடும்பம், இன்ன பேரினம் என்று பிரிக்க வேண்டும். பேரினம் என்றால் மனுஷருக்கு வீட்டுப் பெயர் மாதிரி. அந்த வீட்டுப் பெயர் வரைக்கும் நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அதற்கு மேல் தனிப் பெயர் சொல்வது பெரிய படிப்பாளிகளின் பாடு.

இந்தக் குளவிகள் ஒட்டுண்ணிகள். உயிரோடு இருக்கிற புழுவுக்குள் முட்டை வைக்கும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று, முதுகைக் கிழித்து வெளியே வந்து, அங்கேயே வெள்ளையாகக் கூடு கட்டிக்கொள்ளும். நம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வயலில், கம்பளிப்புழுவின் முதுகில் அரிசி ஒட்டின மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புழு முட்டை போட்டிருக்கிறது என்று சொல்லிக் காலால் தேய்ப்பார்கள். புழு எங்கேயாவது முட்டை போடுமா? புழு வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சிதான் முட்டை போடும், புழு போடாது. காலில் தேய்ந்து போவதெல்லாம் நமக்குச் சோறு போடுகிற குளவி.

இதில் இன்னொரு வம்பு உண்டு. அந்தக் கூட்டுக்குள்ளேயே வேறொரு சின்னக் குளவி வந்து முட்டை வைக்கும். நல்லதைத் தின்று அது வெளியே வரும். இரண்டும் கருப்பு, இரண்டும் பொடி. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அது பொய். ஒரு வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ஹைவேயிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா, அம்மா அடுத்தவர் கொல்லையில்தான் வேலை செய்தார்கள். நான் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். சவரி பத்தாவதோடு நின்றான். அக்காவைப் படிக்க வைக்க அவன் நின்றான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பான்.

அவன் வேலை மருந்து அடிப்பது. மல்லாட்டை, நெல், கரும்பு, எதுவானாலும் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, மூஞ்சியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, காணை என்ற ஊர் வரைக்கும் போய் அடித்துவிட்டு வருவான். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு கொல்லைமேட்டில் சுற்றினேன். கூடு காட்டினேன், குளவி காட்டினேன். பென்சிலில்தான் சீட்டு எழுத வேண்டும், பேனா மை கரைந்துவிடும் என்றேன். செத்த பூச்சியை ஸ்பிரிட்டில் போட்டு வைக்க வேண்டும் என்றேன். அந்தக் காலத்தில் காட்டுக்குள் பூச்சி பிடிக்கப் போனவர்கள் ஸ்பிரிட் தீர்ந்துபோனால் குடிக்கிற சரக்கிலேயே போட்டு வைப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்த வருஷம்தான் அவன் குடியை விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு படமாவது வரும். முக்கால்வாசி மங்கல். "அக்கா இது இன்னா?" என்று குரல் பதிவில் கேட்பான். நேரம் இருந்தால் பதில் சொல்வேன். உலகம் முழுக்க யார் யாரோ அனுப்புகிற குளவிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பெயர் சொல்கிறவள், தம்பிக்கு நேரம் இருந்தால் சொல்வேன்.

4

போன வருஷம் ஆடி மாதம். ஊரில் நிலம் வைத்திருந்த ஏகாம்பரம் அண்ணன் கொல்லையில் மல்லாட்டைக்குக் கம்பளிப்புழு வந்தது. அவர் மருந்து அடிக்கச் சவரியைக் கூப்பிட்டார். போனவன் டேங்கை மாட்டவில்லை. புழு முதுகெல்லாம் கூடு இருக்கிறது, ஒரு வாரம் பொறுங்கள், குளவியே வேலையை முடித்துவிடும் என்றிருக்கிறான். மருந்தடித்துப் பிழைக்கிறவன் மருந்து வேண்டாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் போனில் எனக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டான். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா பிலோமினா, நல்லா இருக்கியா?" ஏகாம்பரம் அண்ணன்தான் பேசினார். "புழு பூரா தின்னுக்கினு இருக்குது. உன் தம்பி மருந்தே வேணாங்கறான். நீ படிச்சவ, நீ சொல்லு. நீ வேணாம்னு சொன்னா நான் நிறுத்திடறேன்."

படத்தைப் பார்த்தேன். உள்ளங்கையில் கருப்பாக ஒரு புள்ளி. பெரிதாக்கினால் பச்சையாக மின்னியது. நல்ல குளவி மின்னாது. பச்சையாக மின்னுகிற குளவிகள்தான் பெரும்பாலும் கூட்டுக்குள் புகுந்து கெடுக்கிறவை. அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும்.

"பச்சையா மின்னுது, அது நல்ல குளவி இல்லண்ணா. நல்ல குளவியத் தின்ற குளவி. அது வந்துடுச்சுன்னா நல்லது பூரா போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

"அக்கா, பூச்சி மின்னலக்கா, அது வெய்யிலு." சவரியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "கூட்டப் பாருக்கா. ஒரு ஓரமா மூடி தொறந்த மாதிரி இருக்குது. டானிக் பாட்டில் மூடி மாதிரி, சுத்தமா."

"சவரி, கூடெல்லாம் அப்புறம் பாக்கலாம். வெறும் கண்ணுல உனக்குத் தெரியாது. நான் சொல்றேன்ல?"

"இல்லக்கா, ஒரு தபா கூட்ட மட்டும்..."

"ஜல்தியா இறங்கணும்டா, வெச்சிடறேன்."

ஏகாம்பரம் அண்ணன் சிரித்தது கேட்டது. "உங்க அக்காவே சொல்லிட்டாங்க. மாட்டுப்பா டேங்க."

மாட்டினான். அன்றைக்கும் மறுநாளும் அந்தக் கொல்லை முழுக்க அவன்தான் அடித்தான்.

5

பத்து நாள் கழித்து ரெஜினா என்னைக் கூப்பிட்டாள். அவள் அழுது நான் கேட்டதில்லை, அன்றைக்கு அழுதாள்.

"அண்ணி, உங்க தம்பி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. சட்டையில குவாட்டர் பாட்டில் இருந்துச்சு. பிராந்தி. கேட்டா ஒண்ணும் இல்லேன்றாரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா குடித்தே போனவர். உடனே சவரியைக் கூப்பிட்டேன். அவன் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாடா, ஊரு முன்னால அக்கா ஒரு வார்த்த சொல்லிட்டேன்னு ரோஷமா? அதுக்குக் குடிக்கணுமா?"

"குடிக்கலக்கா."

"அப்ப பாட்டில் எதுக்கு?"

"குளவிக்கு வாங்குனேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "குளவிக்கா? தொட்டுக்க இன்னா வாங்கிக் குடுத்த?" என்று கேட்டேன். பிறகு கால் மணி நேரம் அவனை விடவில்லை. அப்பா கதை, அம்மா பட்ட பாடு, ரெஜினா தலையெழுத்து, எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். எல்லாம் முடிந்த பிறகு, "சரிக்கா" என்றான். நான் அவன் குரலைக் கடைசியாகக் கேட்டது அந்தச் சரிக்காதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. தூதரகத்தில் ஒரு சன்னலில் நின்று கெஞ்சினேன். சாவுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழுக்கு அங்கே ரெஜினா யாரையாவது பிடித்து அலைய வேண்டும். அது வருவதற்குள் அடக்கமே முடிந்துவிடும். கடைசியில் வீடியோ காலில்தான் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தவரைக் கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலையும், நிறைய செருப்புகளும், மண்ணும் தெரிந்தன. ஒரு விநாடி சவரியின் நெற்றி தெரிந்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ரெஜினா ஒன்று சொன்னாள். அந்த வருஷம் தை மாதத்திலிருந்தே அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாம். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில், இனி மருந்தடிக்கிற வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம். "உங்ககிட்ட சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல" என்றாள். மருந்தால்தான் போனான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. இருதயம் என்றுதான் எழுதியிருக்கிறது. நானும் அதையே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் கொல்லையில் அவன் எதற்காக அப்படி மன்றாடினான் என்பது மட்டும் அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவன் சொன்னது தப்பாக இருந்துவிட்டால் போதும், என்னால் தாங்கிக்கொள்ள முடியும். அது உண்மையிலேயே கெட்ட குளவியாக இருந்துவிட வேண்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

6

ஷாலினிக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பாவாடைத் துணியைப் பிரித்துப் பார்த்து, திரைச்சீலைக்கு நன்றாக இருக்கும் என்றாள். மல்லாட்டை உருண்டையை மட்டும் இரண்டிரண்டாகத் தின்றாள்.

பார்சல் வந்த வாரம் முழுக்க நான் சவரியின் பழைய குரல் பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது. ஒருநாள் அவள் வந்து நின்றாள்.

"மாமா ஏன் எப்பவும் கத்துறார்? கோபமா?"

"கோபம் இல்ல. கொல்லையில காத்து அடிக்கும். அதுக்கு மேல பேசணும்ல?"

"எனக்குப் பாதி புரியலம்மா."

எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. உன் மாமன் பேசுவது உனக்குப் புரியவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்காவது பாதி புரிகிறது. எனக்கு அவன் பேசின ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, நான் கேட்கத்தான் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து, அந்தப் பதிவையே மறுபடி போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

7

எங்கள் பிரிவின் தலைவர் நல்ல மனுஷர்தான். சட்டத்தைத் தாண்ட மாட்டார். பாட்டிலைக் கையில் வாங்காமலே பார்த்துவிட்டு, இதற்கு இந்தியாவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இது நம் சேகரிப்பில் சேராது, பதிவேட்டில் எண் கிடையாது, ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அவரைத் திட்ட எனக்கு ஆசையாக இருந்தது, முடியவில்லை. அந்தச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது. நம் நாட்டுப் பூச்சியையும் செடியையும் கேட்பாரில்லாமல் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் அருங்காட்சியகத்தின் பழைய அலமாரிகளைத் திறந்தால், அதை அள்ளிவந்த துரைமாருடைய பெயரெல்லாம் சீட்டுச் சீட்டாக இருக்கும். சவரிமுத்து என்ற பெயருக்குத்தான் அனுமதி இல்லை.

"திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை காலையில் இங்கே யாரும் இருக்க மாட்டோம்" என்றார்.

8

சனிக்கிழமை. மெழுகைச் சுரண்டி ரப்பர் மூடியை நெம்பினேன்.

வாசனை வந்தது. இந்த வாசனை எனக்குத் தெரியும். அப்பாவின் சட்டையில் இருந்த வாசனை. பிராந்தி.

நான் சிரித்துக்கொண்டே சொன்ன பேச்சை அவன் மூன்று வருஷம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறான். மெடிக்கலில் ஸ்பிரிட் கேட்டிருப்பான், இல்லை என்றிருப்பார்கள். குடியை விட்டவன், யார் கண்ணிலாவது படுவோமா என்று கூசிக்கொண்டே ஒயின்ஷாப் வரிசையில் போய் நின்றிருக்கிறான். குளவிக்கு வாங்குனேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் தொட்டுக்கொள்ள என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

காகிதத்தை இடுக்கியால் பிரித்தேன். பென்சில் எழுத்து கொஞ்சமும் கலையவில்லை. "மல்லாட்டை. ஏகாம்பரம் கொல்லை. ஆடி. கம்பளிப்புழு முதுவுல எடுத்தது, மருந்து அடிக்கறத்துக்கு முன்ன. மூடி பாக்கவும். சவரிமுத்து."

மருந்தடிக்கும் முன் ஒரு கைப்பிடி இலையைப் புழுவோடு பறித்து, வீட்டில் டப்பாவில் வைத்து, குளவி வெளியே வரும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறான். நான் சொல்லிக் கொடுத்தபடி. எங்களுக்கு வருகிற படித்தவர்களின் பாட்டில்களில் குளவி மட்டும்தான் இருக்கும். கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூட்டையும் வைத்து அனுப்பியவன் இவன் ஒருவன்தான்.

முதலில் கூட்டைப் பார்க்கவில்லை. பயந்துகொண்டு குளவியைத்தான் எடுத்தேன். ஒன்றைக் கழுவி, உலர்த்தி, முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டினேன். உணர்கொம்பில் பதினெட்டுக் கணு. இறக்கை நரம்புகளின் அமைப்பும் நல்ல குளவியின் குடும்பம் என்றே சொன்னது. உடம்பில் பச்சை இல்லை, மின்னவும் இல்லை. வெறும் கருப்பு. படத்தில் மின்னியது வெயில்தான். இனி இரண்டு பேரினங்களுக்கு நடுவில்தான் சந்தேகம். வயிற்றின் முதல் தகட்டைப் பார்க்க வேண்டும். அது பின்பக்கம் போகப் போக அகன்றால் ஒன்று, குறுகினால் இன்னொன்று. விளக்கைச் சாய்த்து வைத்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். குறுகுகிறது. கிளிப்டாபாண்டெலஸ். கம்பளிப்புழுவைக் கொல்கிற நல்ல குளவி. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அதே. ஒன்பது குளவி, ஒன்பதும் அதே.

அப்புறம் கூடுகள். நல்ல குளவி வெளியே வரும்போது கூட்டின் ஒரு முனையை வட்டமாக அறுத்து, மூடியைத் திறப்பது போலத் திறந்துகொண்டு வரும். கெட்டது பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டை கோணல்மாணலாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்று சொன்னேனே, அது இதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது. ஸ்பீக்கர் போனில் அவன் எனக்குச் சொன்னது.

இருபத்தொரு கூடு இருந்தது. பத்தொன்பதில் மூடி சுத்தமாகத் திறந்திருந்தது. இரண்டில் மட்டும் பக்கவாட்டில் ஓட்டை. அந்த இரண்டைப் பார்த்ததும், கெட்ட குளவியும் அங்கே இருந்திருக்கிறதே, நான் சொன்னதும் ஒரேயடியாகத் தப்பில்லையே என்று மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது. வெட்கங்கெட்ட நிமிஷம் அது. மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

அட்டைக்குக் கீழே அதே ஊசியில் இரண்டு சீட்டுக் குத்துவது வழக்கம். மேல் சீட்டில் எடுத்தவர் பெயர், கீழ்ச் சீட்டில் இனம் கண்டவர் பெயர். மேலே சவரிமுத்து என்று எழுதினேன். கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை. அங்கேயும் சவரிமுத்து என்றே எழுதிக் குத்தினேன்.

9

படிக்கட்டில் வந்து உட்கார்ந்து ரெஜினாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ரெஜினா, பாட்டிலப் பாத்தேன். சவரி எடுத்தது நல்ல குளவிதான். அவன் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அது அவுருக்குத் தெரியும் அண்ணி" என்றாள்.

நான் சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் அதோடு போய்விட்டது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க நினைத்திருந்தேன். அதையும் கேட்க முடியவில்லை. இன்னொன்றையாவது அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். புருஷன் குடித்துக் கெட்டான் என்ற நினைப்பாவது அவள் மனசிலிருந்து போகட்டும் என்று.

"இன்னொண்ணு ரெஜினா. அன்னிக்கு அவன் குடிக்கல. குளவி கெட்டுப்போவாம இருக்கத்தான் அத வாங்கியிருக்கான். பாட்டில்ல இருக்கறது பிராந்திதான்."

மோட்டார் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"குவாட்டர் பாட்டில் பீரோவுல இருக்குது அண்ணி" என்றாள். "அடக்கம் முடிஞ்சி துணிமணி எடுக்கறப்ப, உங்களுக்கு அனுப்புன குளவி பாட்டிலோட சேந்து கெடச்சுது. சட்டைக்கு அடியில சொருகி வச்சிருந்தாரு. கழுத்து வரைக்கும் அப்பிடியே இருக்குது. ஒரு மூடிதான் கொறஞ்சிருக்குது."

"அப்பவே உனக்குத் தெரியுமா? ஏன் எனக்குச் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அந்த பாட்டிலப் பாத்த நாள்லருந்து அவுரு போய்ச் சேர்ற வரைக்கும் நான் மூஞ்சி குடுத்துப் பேசல. சோத்தப் போட்டுட்டு அந்தாண்ட போயிடுவேன். இத ஒரு வருசமா நான் ஒருத்தியாவே வச்சிக்கினு இருந்தேன் அண்ணி. முடியல. உங்களுக்கும் தெரியட்டும்னுதான் அனுப்பி வச்சேன்."

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் கூடையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"பாப்பாவுக்கு ரவா உருண்டை புடிச்சுதா? அவுருக்குப் புடிக்கும்னு செஞ்சேன்."

"புடிச்சுது ரெஜினா" என்றேன்.